உடைந்த பதினொரு தலைகள்

ஏழு பலகைகளை அடித்து முடித்தபோது பதினொரு ஸ்க்ரூக்களின் தலை உடைந்திருந்தது. நாற்பத்திரண்டில் பதினொன்று. உடைந்த தலைகளை எண்ணி ஒரு காபிக் கோப்பையில் போட்டு வைத்தேன். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. பலகை ஒரே மரம், கருவி ஒன்று, அதைப் பிடித்த கையும் ஒன்று. முப்பத்தொன்று ஒழுங்காக இறங்கி உட்கார்ந்தன. பதினொன்று மட்டும் கடைசி நொடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டன, கழுத்து முறிந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை. மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது. பெந்தெகொஸ்தே விடுமுறை என்பதால் ஞாயிறும் திங்களும் கடை கிடையாது. செவ்வாய் ஒன்பது மணிக்கு ராங்ன்ஃப்ரீட் வருவாள். நோயாளி வீட்டில் நடமாட முடியுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். வாசலில் சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம் இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கும் என் கணவன் ஓஸ்முன்ட் அன்று மாலையே வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் ஆகஸ்ட் வரை மறுகரையில் உள்ள பராமரிப்பு இல்லம். அரசு கொடுக்கும் அலுமினியச் சாய்தளத்துக்கு வரிசை அவ்வளவு நீளம். பலகை ஒன்று ஆடினாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் வேலை அது.

அவனுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. நான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் படகு, பேருந்து, நடை என்று அவனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதும் அந்தப் பயணத்தில்தான். எலும்பு கூடிவிட்டது. முறுக்கினால் மட்டும் இன்னும் வலிக்கும்.

அந்த மணிக்கட்டுக்காகத்தான் இம்பாக்ட் டிரைவர் வாங்கினேன். வீட்டில் இருந்தது சாதாரண பேட்டரி டிரில். அதில் ஸ்க்ரூ இறங்க இறங்கச் சுமை ஏறும். மோட்டார் ஸ்க்ரூவை ஒரு பக்கம் திருப்பும்போது கருவியின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பலைத் தாங்குவது நம் மணிக்கட்டு. இம்பாக்ட் டிரைவரில் அப்படி இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கிறது. சுமை குறைவாக இருக்கும்வரை அது, ஸ்க்ரூவின் தலையில் பொருந்தும் பிட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். சுமை ஏறியதும் பின்னால் வழுக்கி, ஸ்பிரிங் தள்ள முன்னால் பாய்ந்து, அச்சின் பக்கவாட்டில் ஓர் அடி அடிக்கும். நிமிடத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல். ஒவ்வொரு அடியும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பும். அடி உள்ளுக்குள்ளேயே நடப்பதால் கைக்கு வருவது வெறும் அதிர்வுதான்.

கடையில் இருந்தவர் பெட்டியில் அச்சடித்த பெரிய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தார். அதிக முறுக்குவிசை, அதிக விலை. லாரிச் சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றுகிறவருக்கு அது தேவைப்படும். பலகைக்கு ஸ்க்ரூ அடிக்கிறவளுக்கு வேறு மூன்று விஷயங்கள் போதும். பேட்டரியோடு சேர்த்து எடை எவ்வளவு, ட்ரிகரை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்றுகிறதா, வேகத்தைக் குறைத்து வைக்கக் கீழ்க் கதி இருக்கிறதா. நான் மீன் பதனிடும் கூடங்களின் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவள். நான்கு கருவிகளைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்ததை எடுத்தேன். ஓஸ்முன்ட் புல்வெட்டிக்கு வாங்கிய பேட்டரியே அதற்கும் பொருந்தியது.

ஆக, கருவியின் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிட் தேய்ந்திருக்குமோ என்று புதியது போட்டேன். கீழ்க் கதிக்கு மாற்றினேன். எட்டாவது பலகையை எடுத்து வைத்து முதல் ஸ்க்ரூவை இறக்கினேன். டிக். பன்னிரண்டு.

அந்தப் பலகையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி மடியில் கிடந்தது. சாப்பிடவும் அலுப்பாக இருந்தது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு தூர்லைவ் வந்தார். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டில் வேலை என்றால் மற்றவர்கள் வருவார்கள். கூப்பிட வேண்டியதில்லை, கூலி என்ற பேச்சே கிடையாது. வரும்போது வீட்டில் எது மிச்சம் இருக்கிறதோ அதைக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கமும் இல்லை. பலகைகள் ஒருவர் கொட்டகையில் இரண்டு குளிர்காலம் கிடந்து கொஞ்சம் வளைந்தவை. ஸ்க்ரூப் பெட்டி தூர்லைவ் கொடுத்தது. படகுத் துறையில் வேலை செய்த காலத்தில் சேர்த்தது. கடல்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு, தலையிலிருந்து நுனிவரை புரி வெட்டியது.

தூர்லைவ் நூற்றிருபது கிலோ. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன குட்னி, காபியில சர்க்கரைக்குப் பதிலா இதத்தான் போட்டுக்கிறியா?”

“உன் ஸ்க்ரூதான். பன்னெண்டு தலை போச்சு.”

“என் ஸ்க்ரூ முப்பது வருஷம் உப்புத்தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. உன் கையிலதான் என்னமோ இருக்கு. இங்க குடு.”

கொடுத்தேன். மனிதர் பலகை மேல் மண்டியிட்டு உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். எட்டுப் பலகை, நாற்பத்தெட்டு ஸ்க்ரூ. ஒன்றுகூட உடையவில்லை. பக்கத்தில் நின்று அவர் விரலையே பார்த்தேன். ட்ரிகரை என்னைவிட முரட்டுத்தனமாகத்தான் அழுத்தினார். கீழ்க் கதிக்குக்கூட மாற்றவில்லை.

“பாத்தியா? மெஷினுக்கு யாரு எஜமான்னு தெரியணும். அவ்வளவுதான் விஷயம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மணிக்கு அவர் கிளம்பிவிட்டார். துரிதப் படகில் வேறொருவருக்குப் பதிலாக இயந்திர அறை வேலை, திரும்பி வர வியாழன் ஆகும். இருபத்தைந்து பலகை பாக்கி. வாசல் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்தளம் ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். அதைக் குறைக்கவும் வழியில்லை.

நாலு மணிக்கு ஓஸ்முன்ட் போனில் கூப்பிட்டான். இப்போது அவன் பேச்சு மெதுவாக வரும். சொல்லைத் தேடி எடுத்துத்தான் பேசுவான்.

“முடிஞ்சிருமா?” என்றான்.

“தெரியல.”

பிறகு, “முடியலன்னா... விட்டுரு. நான் அங்க... இருந்துக்கறேன். நீ கொஞ்சம் தூங்கு” என்றான்.

அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. பராமரிப்பு இல்லத்தில் இருந்துகொள்வேன் என்று அவன் சொல்வது இது முதல் முறை. கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே வந்தேன்.

இந்த முறை கருவியை எடுக்கவில்லை. கையில் ஆஸ்பத்திரிக் கடிதத்தின் உறை ஒன்று இருந்தது. அதைப் பலகைக்கும் அடியில் உள்ள தாங்குகட்டைக்கும் நடுவே செருகிப் பார்த்தேன். தூர்லைவ் அடித்த பலகைகளில் எங்கேயும் நுழையவில்லை. நான் அடித்தவற்றில் பல இடங்களில் நுழைந்தது. உடைந்த பதினொரு இடத்திலும் நுழைந்தது.

அப்போதுதான் அவர் மண்டியிட்டது ஞாபகம் வந்தது. நான் ஐம்பத்திநான்கு கிலோ. அதுவும் பலகைக்குப் பக்கத்தில் நின்று குனிந்து அடித்தேன். அவர் நூற்றிருபது கிலோவையும் பலகையின் மேல் வைத்திருந்தார். வளைந்த பலகை அவருக்குக் கீழே கட்டையோடு ஒட்டிப் படிந்துவிட்டது. எனக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது.

இடைவெளி இருந்தால் ஸ்க்ரூ இழுத்து மூடிவிடாதா என்று தோன்றும். மூடாது. தலைவரை புரி உள்ள ஸ்க்ரூ முதலில் பலகையைக் கடிக்கிறது, பிறகு கட்டையையும் கடிக்கிறது. ஒரு சுற்றுக்குப் பலகையில் எவ்வளவு இறங்குமோ கட்டையிலும் அவ்வளவே இறங்கும். இரண்டும் ஒரே வேகத்தில் போகும்போது நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். கடைசியில் தலை பலகையில் முட்டும். இதற்கு மேல் போக வேண்டுமானால் ஒன்று பலகைக்குள் இருக்கும் புரி மரத்தைக் கிழிக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்து முறிய வேண்டும். துருப்பிடிக்காத எஃகு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அது முறிந்தது.

சாதாரண டிரில்லாக இருந்திருந்தால் அந்த இடத்தில் என் மணிக்கட்டு சுருக்கென்று வலித்திருக்கும். நிறுத்தியிருப்பேன். எந்த வலி வேண்டாம் என்று இந்தக் கருவியை வாங்கினேனோ, அந்த வலிதான் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு. சுத்தியல் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது, கைக்குச் செய்தி வரவில்லை.

சரிதானா என்று பார்க்கப் பாதைக்குப் போட்ட கல்பலகைகள் நான்கை ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுவந்து ஒரு பலகை மேல் வைத்து அடித்தேன். ஆறு ஸ்க்ரூவும் நின்றன. ஆனால் ஒரு பலகைக்கே மணிக்கட்டு வீங்கிவிட்டது. இன்னும் இருபத்திநான்கு பலகைக்குக் கல் தூக்க என்னால் ஆகாது. எடை வைப்பது காரணத்தைச் சரியென்று காட்டியது. என் கைக்கு அது வழியல்ல.

பலகையை அமுக்கிப் பிடிக்க முடியாவிட்டால், பலகையைக் கடிக்கும் வேலையை ஸ்க்ரூவிடமிருந்து எடுத்துவிடலாம். ஸ்க்ரூவின் புரி ஐந்து மில்லிமீட்டர் தடிமன். பழைய டிரில்லில் ஐந்தரை மில்லிமீட்டர் பிட்டை மாட்டினேன். பலகை இருபத்தெட்டு மில்லிமீட்டர் கனம். பிட்டின் நுனியிலிருந்து அந்த அளவில் டேப் சுற்றி அடையாளம் வைத்தேன். துளை போடும்போது பெரிய முறுக்கு வராது, இடது கையாலேயே பிடிக்கலாம். பலகையை மட்டும் துளைத்தேன், டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினேன். ஸ்க்ரூ துளைக்குள் விரலாலேயே நழுவி இறங்கியது. பலகையில் அதற்கு இனி பிடி இல்லை. கட்டையில் மட்டும்தான் கடிக்க முடியும்.

இம்பாக்ட் டிரைவரை வைத்து ட்ரிகரை லேசாக அழுத்தினேன். முதலில் ரீங்காரம். தலை பலகையைத் தொட்டது, பலகை என் கண் முன்னால் கீழே இறங்கியது, கட்டையில் படிந்தது. சத்தம் ‘டகடக’ என்று மாறியது. விரலை எடுத்தேன். உறை நுழையவில்லை.

அந்தப் பலகையில் ஆறு, அடுத்ததில் ஆறு. மழை வலுத்ததும் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தொடர்ந்தேன். விடுமுறை நாளில் சத்தம் போடுவது இங்கே யாருக்கும் பிடிக்காது. எதிர்வீட்டு ஜன்னல் திரை இரண்டு முறை விலகி மூடியது. யாரும் வந்து கேட்கவில்லை. நாலு பலகைக்கு ஒரு முறை உட்கார்ந்தேன், கையை வாளித் தண்ணீரில் வைத்தேன். நான் முதலில் அடித்த ஏழு பலகைகளையும் கழற்றினேன். கட்டையில் மிச்சம் நின்ற கம்பித் துண்டுகளைத் தட்டி அமுக்கிவிட்டு, ஒரு விரற்கடை தள்ளிப் புதிய துளை போட்டு மறுபடி அடித்தேன். திங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பது பலகையும் முடிந்தன. துளை போட ஆரம்பித்த பிறகு கடைசி ஸ்க்ரூ இறங்கும்வரை ஒரு தலையும் உடையவில்லை. செவ்வாய் காலை ராங்ன்ஃப்ரீட் ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள், மாலையில் ஓஸ்முன்ட் வீட்டுக்கு வந்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பலகையில் மட்டும், ஸ்க்ரூவின் புரியைவிட அரை மில்லிமீட்டர் பெரிய துளை. கட்டையில் துளை வேண்டாம். ட்ரிகரை லேசாக அழுத்தி, சத்தம் மாறியதும் விரலை எடுக்க வேண்டும்.