கன்னிமூலையில் கெட்டிமேளம்

அன்று காலை பத்து மணிக்கு, ஜவுளிக்கடை முதலாளி கருணாகரன் அசோக் நகரில் தம் வீட்டு ஹாலில் தவழ்ந்துகொண்டிருந்தார். எடை நூற்றுப் பத்து கிலோ. அவர் தவழ்ந்த தவழலில் சிவப்பு சிமெண்டுத் தரை பளபளத்து, இரண்டு பல்லிகள் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள். இரண்டு என்பது கொஞ்சம் அதிகம்; ஒன்றுதான். எதிரே சவுண்ட் சர்வீஸ் ஷரஃபுதீனும் தவழ்ந்து வந்தார்.

உறைமோர் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அபயாம்பாள், "என்ன தொலைஞ்சுடுத்து?" என்றாள்.

"பேஸும்மா" என்றார் ஷரஃபுதீன்.

"வெள்ளியா?"

விஷயம் இதுதான். நான்கு மாதத்துக்கு முன் மகள் ஜெயபாரதிக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மூன்று நாள் இருக்கும்போது கருணாகரன் மனைவி தங்கபுஷ்பத்துக்கு விஷக்காய்ச்சல். பெற்றவள் ஆஸ்பத்திரியில் கிடக்க, மகள் கழுத்தில் தாலி ஏறியது. காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காக்கை கத்தினால் கேட்காது. லாரி போனால் மட்டும் கேட்கும். பேச்சை உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள்.

"எம்மவளுக்கு அடிச்ச கெட்டிமேளத்தை நான் கேக்கலியே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை. அதுதான் கருணாகரனை அரித்தது.

கல்யாணத்தை டேப்பில் பிடித்து வைத்திருந்தார்கள். போட்டுக் காட்டினார். "கேக்குது, நல்லா கேக்குது" என்று ஊஞ்சலில் உட்கார்ந்து தலையாட்டினாள். அப்போது கரண்ட் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

துணி நயமாக இருந்தால் சத்தமும் நயமாக வரும் என்று, கடையிலிருந்த ஜமுக்காளங்களைக் கொண்டுவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டார். வழியில் போனவர்கள் உள்ளே வந்து விலை கேட்டார்கள். சத்தம்தான் வரவில்லை.

கடைசியில் ஷரஃபுதீன், ஒரு குடும்பம் உள்ளே குடித்தனம் நடத்தலாம் போன்ற ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து, அதை ஊஞ்சலில் ஏற்றினார்.

"அம்மா குந்துற எடத்துல பொட்டிய வெச்சாச்சு. நாம ரூம் பூரா தவழ்ந்துகினே கேப்போம். எங்க பேஸ் கும்முனு வருதோ, அங்க பொட்டிய எறக்கிட்டு அம்மாவ ஊஞ்சல்ல குந்த வெச்சா, அம்மாக்கும் அதே கும்மு."

"தவழணுமாவே?"

"பொட்டி தரையிலதான குந்தப்போவுது? காதும் தரைக்கு வரணும் மொதலாளி."

தவில்காரர் தவிலின் கனத்த பக்கமான தொப்பியைத் தட்டிச் சரிபார்க்கும் பகுதி டேப்பில் திரும்பத் திரும்ப ஓடியது. கருணாகரன் ஜன்னலோரம் என்றார். ஷரஃபுதீன் கதவோரம் என்றார். மூக்கோடு மூக்கு முட்டச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது தங்கபுஷ்பம் காப்பியோடு வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் கோட்டி பிடிச்சிட்டா?"

சொல்லிக்கொண்டே நடந்தவள், மூலையில் இருந்த பீரோ அருகே நின்றாள். ஓரடி பின்னால் வைத்தாள். திரும்ப முன்னால் வைத்தாள்.

"இங்கன தரை துடிக்கு. வயித்துல வந்து முட்டுது."

இருவரும் தவழ்ந்துபோய்ப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி.

"நல்ல காது நாலு கீது நம்மகிட்ட. இன்னாத்துக்கு?" என்றார் ஷரஃபுதீன்.

ஆனால் அது கன்னிமூலை. அங்கிருக்கும் கனத்தை நகர்த்தினால் குடும்பமே ஆட்டம் காணும் என்று ஜோசியர் எச்சரித்திருந்தார். கிரகப்பிரவேசத்திலிருந்து அந்தப் பீரோவின் பின்னால் துடைப்பத்தைக்கூட விட்டதில்லை. கருணாகரன் முகத்தைப் பார்த்ததும் தங்கபுஷ்பம், "வேண்டாங்க. எனக்கு முந்தியே நல்லாத்தான் கேட்டுது" என்றாள். கரண்ட் போனபோது ஆட்டிய அதே தலையாட்டல்.

கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டினார். "பிடியும்வே பீரோவை!"

"கவலப்படாத மொதலாளி, நம்ம பொட்டி பீரோவவிட கனம்."

பீரோ அடுப்பங்கரை வாசலுக்குப் போனது. பெட்டி கன்னிமூலையில் உட்கார்ந்தது. தங்கபுஷ்பம் ஊஞ்சலில் ஏறினாள். டேப் சுற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஊஞ்சல் சங்கிலி நடுங்கியது. அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"தாலி கட்டுதாவளா?"

 கருணாகரன் தலையை ஆட்டினார்.

அவள் குதித்து இறங்கி, பீரோவுக்கும் நிலைக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்து ஓடி, ஒரு பிடி மஞ்சளரிசியோடு திரும்பினாள். "இன்னொரு தடவ போடுங்க!"

போட்டார்கள். கெட்டிமேளம் வந்ததும் வீசினாள். பெட்டிமேல் விழுந்த அட்சதை அத்தனையும் எழுந்து ஆடியது. ஓர் அரிசி மின்விசிறிவரை போய்வந்தது. மூன்றாம் தடவை கருணாகரனும் ஷரஃபுதீனும் ஆளுக்கொரு பிடியோடு நின்றார்கள்.

மத்தியானத்துக்குள் ஜெயபாரதிக்குப் பதினோரு முறை கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மட்டும் ஒரே ஆள்தான்.