பணிப்பாளரின் வாயிலிருந்த கோப்பு

குரல் காப்பகத்தின் பணிப்பாளர் கனகசூரியத்தின் வாயிலிருந்து மதுரன் முதன்முதலாகப் பேசியது யுத்தம் முடிந்த மறுவருடம் தை மாதத்தில், அவர் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தபோது. "அம்மா, அழாதீங்க. கடல் என்னத் தொடல்ல. நான் தென்னையில ஏறிட்டன்" என்றது குரல். மனைவி றஞ்சிதா திடுக்கிடவில்லை. "ஆர்ர குரல் இது? வாயத் துடைச்சுப்போட்டுக் கதையுங்க" என்றாள்.

அது செட்டிபாளையத்து அன்னப்பூரணியின் மகனுடைய குரல். சுனாமி அவளிடமிருந்து புருசனையும் வீட்டையும் வீட்டிலிருந்த படங்கள் அத்தனையையும் எடுத்தது, மகனை விட்டுவிட்டது. சில மாதம் கழித்து, அகதிக் கூடாரத்தின் வாசலில், காப்பகத்துக்காரர்கள் தாயையும் மகனையும் சேர்த்து இருத்திப் பதிவு செய்தார்கள். திகதி சொல்லி, பெயர் சொல்லி, தான் தப்பிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான் மதுரன். அதற்குப் பிறகுதான் கல்லடிப் பாலத்தடியில் வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். தேடித் தேடி அலைந்த தாயின் கையில், யுத்தம் முடிந்ததும், ஒரு மரணச் சான்றிதழைத் திணித்தார்கள். காரணம்: சுனாமி. கடல் வந்து மறுத்துச் சாட்சி சொல்லாதல்லவா? கொண்டுபோனவனெல்லாம் பழியைக் கடலில் கொட்டினான்.

அந்தப் பொய்க்கு எதிராக உலகத்தில் இருந்தது அந்த ஒரு பதிவுதான். அது ஒரு இறுவட்டில், ஒற்றை சீடியில், இருந்தது. வாவிக்கரை உப்புக் காற்றில் இறுவட்டுகள் சொறி பிடித்துச் சாகும்; சாகுமுன் புதிய இயந்திரத்துக்கு மாற்றி, ஓர் எழுத்தும் குறையவில்லை என்று சான்று கொடுப்பதுதான் கனகசூரியத்தின் உத்தியோகம். மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. மதுரனை வெட்டினார். தாயின் அழுகையை மட்டும் விட்டார். 'மூலத்துக்கு முற்றிலும் ஒத்தது' என்று ஒப்பமிட்டார். இறுவட்டை முறித்தார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை. ஒட்டிய தடம்கூடத் தெரியாத துப்புரவு. ஆனால் வெட்டியது அழியவில்லை. வெட்டியவரின் தொண்டையில் போய்க் குந்திக்கொண்டது.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். கொழும்பு வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நல்ல சுகம் என்று எழுதிக்கொடுத்தார். கூட்டங்களில் மதுரன் பேசினான், கலியாண வீட்டில் பேசினான். கடைசியில் பணிப்பாளர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டார். மண்டூர் முருகனுக்கு அப்படி வாய் கட்டித்தான் பூசை செய்வார்கள். ஆகவே பஸ்ஸில் சனம் எழும்பி இடம் கொடுத்தது, கும்பிட்டது, திருநீறு கேட்டது. இல்லையென்று சொல்லத் துணியை அவிழ்க்கவேண்டுமே! பேசாமல் பூசிவிட்டார், பாவி.

அன்னப்பூரணி கும்பிடவில்லை. காப்பகத்துக்கு வந்து பதிவைப் போடச் சொன்னாள். தன் அழுகை மட்டும் கேட்டது. "என்ட மகன் எங்க சேர்?" கனகசூரியம் தெரியாதென்று தலையை ஆட்டினார். துணிக்கு உள்ளேயிருந்து, "அம்மா" என்றது குரல். ஒரே இழுப்பில் துணியைப் பறித்தாள். அவருடைய கதிரையிலேயே அவரை அமுக்கி இருத்தி, முடியும்வரை கேட்டாள். பிறகு சேர்ட்டைப் பிடித்து நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனாள்.

அரச சட்டத்தரணி, இது மூலமல்ல என்று ஆட்சேபித்தார். நீதவான் வாயைத் திறக்கச் சொன்னார். திகதி வந்தது, பெயர் வந்தது, கூடாரத் துணி காற்றில் அடித்த சத்தமும் பின்னால் கத்திய காகமும்கூட வந்தன. மரணச் சான்றிதழ் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கொண்டுபோனவர்கள் இனிப் பதில் சொல்லவேண்டும், இன்றுவரை சொல்லவில்லை.

வாசலில் அன்னப்பூரணி கனகசூரியத்தின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினாள். "நல்லாத் தின்னுங்க சேர். இருமப்படாது, சாகவும்படாது. நீங்க செத்தா என்ட புள்ளைய ரெண்டாந்தரம் கொன்டுபோடுவானுகள்."

அவரைக் காப்பகத்தின் குளிரறையில், உப்புக் காற்றுப் படாத மூலையில் வைத்தார்கள். றஞ்சிதா சோறு கொண்டு வருகிறாள். அன்னப்பூரணி வாராவாரம் வந்து, ஓர் எழுத்தாவது குறைந்திருக்கிறதா என்று முழுக்கக் கேட்டுவிட்டுப் போகிறாள். ஓய்வு பெறும் வயது வந்ததும் கனகசூரியம் வீட்டுக்குப் போக விண்ணப்பித்தார். காப்பகம் மறுத்துவிட்டது. மூலங்களை வெளியே கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.