சித்தரிப்புப் படம்

வகுப்பறைத் திரையில் என் அக்காவின் முகம் ஆளுயரத்துக்கு விரிந்தபோது காலை மணி பத்து இருபது. எதிரே மூன்றாம் பருவத்து மாணவர்கள் பதினெட்டுப் பேர். ஒரு படம் இணையத்தில் ஏறிய பிறகு எங்கெல்லாம் போகிறது என்பதுதான் அன்றைய பாடம். படத்தைத் தேடுபொறியில் போட்டால், அதே படம் இருக்கிற பக்கங்களையெல்லாம் அது வரிசையாகக் கொண்டுவந்து கொட்டும். பத்திரிகை வேலைக்குப் போகிறவர்களுக்குச் சோறு போடும் வித்தை இது என்று ஆண்டுதோறும் சொல்வேன். வழக்கமாக ஏதாவது ஒரு வெள்ளப் படத்தைப் போட்டுக் காட்டுவேன். யாரோ பழைய வெள்ளத்தைப் புது வெள்ளம் என்று பரப்பியிருப்பார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள், மணி அடித்துவிடும். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமை தலைக்கேறியிருந்தது. “சார், நீங்க எடுத்த படம் ஒண்ணும் காட்டவே இல்லையே” என்று போன வாரம் ஒருவன் கேட்டிருந்தான். சரி, என் படத்தையே போடுவோம், எத்தனை பேர் எடுத்து ஆண்டிருக்கிறார்கள் என்று பார்க்கட்டுமே என்று நினைத்துவிட்டேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், நானும் இவர்களைப் போல மாணவனாக இருந்தபோது எடுத்த படம் அது. இயற்கை வெளிச்சத்தில் ஒரு முகம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடிக்காத துணிகள். அழுதுகொண்டிருந்தாள். பக்கவாட்டு வெளிச்சம் கன்னத்தில் விழுந்து, ஒரு சொட்டு தாடையில் நின்றுகொண்டிருந்தது. “அக்கா, அப்படியே இரு, அசையாத” என்றேன். அவளும் அசையவில்லை. அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசைப் பார்த்துத்தான் இந்த வேலை கிடைத்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஒரு தளத்தில் அப்போதே ஏற்றிவிட்டேன். மாணவர்களிடம் இது யார் என்று சொல்லவில்லை. “வெளிச்சத்தைக் கவனிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேடும் பொத்தானைத் தட்டினேன்.

முதல் பக்கத்தில் விவாகரத்து வழக்கறிஞர் ஒருவரின் விளம்பரம். அதற்கடுத்து மூட்டுவலித் தைலம். அதில் கண்ணீரை மட்டும் பளபளப்பாக்கியிருந்தார்கள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். மனச்சோர்வு மாத்திரை, குழந்தைப்பேறு மருத்துவமனை, ஜோசியர், பேய்க்கதை சொல்லும் ஒரு சேனல். பேய்க்காரர்கள் முகத்துக்குப் பச்சை பூசியிருந்தார்கள். ஒரு நாட்டில் அவள் அகதி, இன்னொரு நாட்டில் குடிகாரனின் மனைவி. இரண்டாவது பக்கத்தைப் புரட்டும்போதே என் சிரிப்பு வற்றிப்போயிருந்தது. ஆனாலும் கை தானாக உருட்டிக்கொண்டே போயிற்று. அப்போதுதான் முன்வரிசைப் பெண் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்பாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயரே ‘சந்தேகம்’தான்.

“சார், ஒரு சந்தேகம். இவங்க, சொந்தக் குழந்தையைக் கொன்னாங்களே, அந்தம்மாதானே?”

எனக்கு விளங்கவில்லை. “எந்தம்மா?” என்றேன்.

“மூணு வருஷம் இருக்கும் சார். எங்க குடும்ப குரூப்ல இதே போட்டோ வந்துச்சு. ‘இந்த முகத்தை எங்க பாத்தாலும் விடாதீங்க’ன்னு போட்டிருந்தாங்க. நானே நாலஞ்சு பேருக்கு அனுப்பியிருக்கேன்.”

நான்காம் பக்கத்தில் அது இருந்தது. பெயர் தெரியாத ஒரு செய்தித் தளம். பெற்ற குழந்தையைக் கொன்ற தாய் என்று தடித்த எழுத்தில் தலைப்பு. அதன் கீழே என் அக்கா, அதே ஜன்னல், அதே வெளிச்சம். படத்தின் அடியில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் ‘சித்தரிப்புப் படம்’ என்று இருந்தது. அதற்கும் கீழே, அதை வெட்டியெடுத்துப் பரப்பியவர்களின் பதிவுகள் அடுக்கடுக்காக வந்தன. வெட்டியபோது அந்தப் பொடி எழுத்தும் சேர்ந்து போய்விட்டிருந்தது. தலைப்பும் முகமும்தான் மிச்சம். ஒரு பதிவில் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அதன் கீழே அவளை என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“அது என் அக்கா” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. ‘சந்தேகம்’ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புரொஜெக்டரை அணைக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. பத்து வருடமாக அணைத்துக்கொண்டிருக்கிற பொத்தான். கடைசியில் ஒரு மாணவன் வந்து அணைத்தான்.

அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே பேருந்தில் போகும்போது, படத்தை ஏற்றிய தளத்தில் என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவே ஏழெட்டு நிறுத்தங்கள் ஆயின. நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு பேர் அந்தப் படத்தை இறக்கியிருந்தார்கள். பக்கத்தில் நான் ஏற்றிய நாளின் படிவம். ‘படத்தில் இருப்பவரின் சம்மதம் பெறப்பட்டது’ என்ற வரிக்கு எதிரே ஒரு ‘டிக்’. நான் போட்டதுதான். படத்தை நீக்கினேன். நீக்கியாயிற்று, ஆனால் ஏற்கெனவே இறக்கியவர்களை இது கட்டுப்படுத்தாது என்று ஒரு செய்தி வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா திடுதிப்பென்று வீடு மாறியது நினைவுக்கு வந்தது. படியேறினால் கால் வலிக்கிறது என்றாள், நம்பினேன். வரவேற்பு மேசையிலிருந்து உள்ளறைக்கு வேலையை மாற்றிக்கொண்டாள். எப்போதும் முகக்கவசம் போட்டிருந்தாள். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் போனை வாங்கிக்கொண்டு அவளே படமெடுப்பாள். எந்தப் படத்திலும் அவள் இல்லை. படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறவன் நான், அதைக் கவனிக்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தின் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா என் முகத்தைக் கண்டதும் பதறிவிட்டாள். “என்னடா, யாருக்கு என்ன?” என்றாள். நான் போனில் அந்தச் சிவப்பு வட்டப் பதிவைக் காட்டினேன். அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெருமூச்சுவிட்டாள். பயம் தெளிந்தவளின் பெருமூச்சு அது.

“இதுவா” என்றாள். “நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்.”

அவள் கூட்டிப்போன சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. இரண்டு நாற்காலி, கை கழுவும் தொட்டி, வெள்ளைச் சுவர். அக்கா கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். காவல் நிலையத்து முத்திரை போட்ட கடிதம், கசங்காமல் இருக்க லேமினேட் செய்திருந்தாள். இந்தப் படத்தில் இருப்பவருக்கும் மேற்படி வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று சான்றளிக்கப்படுகிறது. ஓரங்கள் தேய்ந்து மங்கியிருந்தன. அடிக்கடி எடுத்துக் காட்டினால்தான் அப்படித் தேயும்.

“பஸ் ஸ்டாப்புல நின்னுட்டு இருந்தேன்” என்றாள். “எம்புள்ள என் கையப் புடிச்சுட்டு நின்னான். ரெண்டு பொம்பளைங்க என்னைப் பாத்தாங்க, போனைப் பாத்தாங்க, திரும்ப என்னைப் பாத்தாங்க. எங்கயோ பாத்த முகமா இருக்கும்னு நெனச்சு நான் சிரிச்சேன்டா. வந்து புள்ளைய என் கையிலேருந்து புடுங்கிட்டாங்க. ‘இதையாவது காப்பாத்துவோம்’னு கத்துறாங்க. கூட்டம் கூடிடுச்சு. இவன் ‘அம்மா, அம்மா’ன்னு அழறான், ‘பாரு, எப்படிப் பயப்படுது’ங்கிறாங்க.”

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி? உன் காலேஜ் வாசல்ல அந்தப் படத்த மாட்டி வச்சிருக்காங்க. உன் பொழப்பே அதுலதான் நிக்குது. அதப் போய்க் கெடுப்பாங்களா?” தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். “படத்தப் போடவான்னு அன்னைக்கே கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். நீ எது கேட்டு நான் மாட்டேன்னு சொன்னேன்?”

பேருந்தில் வரும்போதே மனதில் உருட்டிக்கொண்டு வந்த கேள்வியைத்தான் கேட்க முடிந்தது. பதினான்கு வருடம் தாமதமான கேள்வி.

“அன்னைக்கு எதுக்கு அழுத?”

அக்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், புருவம் சுருங்க. நான் காத்திருந்தேன். வெளியே யாரோ ஒருவரின் எண்ணைச் சொல்லி அழைத்தார்கள்.

“தெரியலடா” என்றாள். “ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். ஏதோ இருந்துச்சு, பெருசா இருந்துச்சு, அதுமட்டும் தெரியுது. ஆனா இப்ப அந்தப் படத்த நெனச்சா அவங்க எழுதினதுதான் வருது. மூட்டுவலி, புருஷன், அந்தக் கொழந்த. என்னோடது எதுன்னு வரவே மாட்டேங்குது.”

வகுப்பில் கூட எனக்குக் கண் கலங்கவில்லை. அப்போது கலங்கியது. அவள் என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். சின்ன வயதில் எனக்குப் புரையேறும்போது தட்டுவது போலவே. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதிய வேலைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“வந்ததுதான் வந்த, ஒரு வேலை பண்ணிக் குடு. புது அடையாள அட்டைக்குப் போட்டோ கேக்கறாங்க. மூணு மாசமாத் தள்ளிப் போட்டுட்டேன். ஸ்டுடியோவுல எடுத்தா அவன் கம்ப்யூட்டர்ல வச்சுக்குவான். நீ எடு. எனக்கு அனுப்பிட்டு உன் போன்ல அழிச்சிடு.”

“வேண்டாம்க்கா” என்றேன்.

“பின்ன யாரு எடுப்பா?”

எழுந்து வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகக்கவசத்தைக் காதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழற்றி, மடித்து மேல்கோட்டுப் பையில் வைத்தாள். அதன் வார் பதிந்த தடம் இரண்டு கன்னத்திலும் இருந்தது. முன்முடியை ஒதுக்கிக்கொண்டாள். நான் போனைத் தூக்கினேன். திரையில் ஒரு சின்ன மஞ்சள் சதுரம் தோன்றி அவள் முகத்தைப் பிடித்தது, நழுவியது, சுவரில் அலைந்தது, மறுபடியும் பிடித்தது. நான் இன்னும் பொத்தானைத் தொடவில்லை.

“என்னடா,” என்றாள் அக்கா, உதடு அசையாமல், “வெளிச்சம் பத்தலையா?”

அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சதுரம் அவள் முகத்தின் மேல் நின்று துடித்துக்கொண்டிருந்தது.