டீச்சரின் மூக்கு

பழத்தின் அடியில் கத்தி முனையால் ஒரு பெருக்கல் குறி, கொதிநீரில் முப்பது எண்ணும்வரை ஒரு முங்கல், எடுத்த கையோடு ஐஸ் தண்ணீர். அவ்வளவுதான், பீச் பழத்தின் தோல் சுணையோடு சேர்ந்து தானாகக் கழன்று வரும். அப்படி எண்பது பழங்களைப் பின்னறையில் உரித்துக்கொண்டிருந்தாள் குச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. ஆள் ஒல்லி என்பதால் சமையல் வகுப்பு டீச்சர், இவள் உதவிக்குச் சேர்ந்த முதல் நாளே அப்படிக் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

டீச்சரின் வகுப்பில் கடிகாரம் கிடையாது. "மணி பாத்து சமைக்கிறவங்க ரயில்வே ஸ்டேஷன்ல வேலைக்குப் போகட்டும். நீங்க மூக்க நம்புங்க" என்பார். பழமும் சர்க்கரையும் தளதளவென்று கொதிக்கும்போது தலையை உயர்த்தி, கண்ணை மூடி, "இதோ, இப்ப வந்துச்சு பாருங்க" என்பார். அந்த நொடியில் இறக்கினால் ஜாம் பதம் பிசகாது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்த மூக்கு செத்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் ஒருநாள் கேஸ் கசிந்து அறையே நாறிக்கொண்டிருக்க, டீச்சர் சாவகாசமாகத் தீப்பெட்டியைத் திறந்தார். குச்சிதான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரை வெளியே இழுத்துவந்தாள். டீச்சர் அவள் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத. எனக்கு வேற தொழில் தெரியாது. இனிமே நீதான் எனக்கு மூக்கு."

குச்சி மூச்சு விடவில்லை, புருஷனிடம்கூட. அன்றிலிருந்து ஜாம் கிண்டுவது அவள் வேலை. பதம் வந்ததும் பாத்திரம் இறக்கும் துணியை டீச்சரின் வலது கைப்பக்கம் வைப்பாள். துணியைக் கண்டதும் டீச்சர் கண்ணை மூடுவார்.

இன்றைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பாத்திரம் நீட்டுகிற ஜன்னல் வழியாக அவர்கள் பேச்சு பின்னறைக்கு நன்றாகவே கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவிதான் ஆரம்பித்தார்.

"உங்க உதவிக்கு இருக்கிற பொண்ணு நல்ல கைகாரியா இருக்காங்களே. எங்க வீட்டுக்கு வாரத்துல ரெண்டு நாள் அனுப்புவீங்களா மேடம்?"

குச்சியின் கை நின்றது. காது ஜன்னலுக்குப் போயிற்று. தன்னைப் பற்றி நாலு பேர் நல்ல வார்த்தை பேசிக் கேட்பது யாருக்குத்தான் கசக்கும்?

"அய்யோ, அது மட்டும் வேணாங்க" என்றார் டீச்சர். குரலைத் தாழ்த்தினாலும் வகுப்பெடுத்துப் பழகிய குரல், எங்கே தாழும்? "வேலை சுத்தம். ஆனா கிட்ட நிக்க முடியாது. ஒரு மாதிரி வாடை. குளிக்கிறாளோ இல்லையோ. நான் மூக்கப் பொத்திக்காத குறையா வேலை வாங்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "உங்க மூக்குக்கு ரொம்பக் கஷ்டந்தான் மேடம்" என்றாள் ஒருத்தி.

குச்சி தன் முழங்கையை முகர்ந்து பார்த்தாள். காலையில் போட்ட சோப்பும், பீச் பழமும். மறுபடியும் முகர்ந்தாள். டீச்சரால் எந்த வாடையையும் மோந்து பார்க்க முடியாது என்பது தெரிந்திருந்தும், அக்குளைத் தூக்கிப் பார்க்கத்தான் தோன்றியது. அந்த அவமானத்துக்காகவே அவளுக்கு அழுகை வந்தது. தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் டீச்சர் சொல்லியிருக்கலாம். பயந்தால் மனுஷியை நாறடிக்க வேண்டுமா?

நறுக்கிய பழத்தை எடுத்துக்கொண்டு அவள் வகுப்பறைக்குள் வந்ததும், டாக்டரின் மனைவி நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார். குச்சி பார்க்காத மாதிரி அடுப்பை மூட்டினாள்.

பழம் கரைந்து, நுரை அடங்கி, தேன் நிறத்துக்கு வந்தது. டீச்சர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பதம் வந்தது. குச்சிக்கு அது கண்ணை மூடாமலே தெரியும். துணியை எடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள். கரண்டி மேலாக மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அடியைத் தொடவில்லை.

"என்ன குச்சி, எப்படி இருக்கு?"

"இன்னும் ஆகல டீச்சர்."

முதலில் மெல்லிய கசப்பு எழுந்தது. அடுத்து நிஜமாகவே தீய்ந்த வாடை. கடைசி வரிசைப் பெண் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். குச்சிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாகத் தீயட்டும் என்று இன்னும் இருபது எண்ணினாள். அப்புறம்தான் துணியை எடுத்து டீச்சரின் வலது கைப்பக்கம் வைத்தாள்.

டீச்சர் திரும்பினார். தலையை உயர்த்தினார். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆஹா... இதோ, இப்ப வந்துச்சு பாருங்க. இந்த வாசனைய மறக்கவே கூடாது."

டீச்சர் பாத்திரத்தை இறக்கி, ஒரு கரண்டி அள்ளி, புன்னகையோடு முன்வரிசைக்கு நீட்டினார். அப்போதுதான் முகங்களைப் பார்த்தார். டாக்டரின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அடுத்தவள் துப்பட்டாவால். அதற்கடுத்தவள் வெறும் கையால்.

டீச்சர் சங்கடமாகச் சிரித்தார்.

"குச்சி, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

குச்சி தள்ளி நின்றாள். அப்புறம் இன்னும் தள்ளி, கதவைத் தாண்டி, பின்னறைக்கே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரண்டி நீட்டியபடியே இருந்தது. அதிலிருந்து ஜாம் ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது, கருப்புத் துணுக்குகளோடு. கைக்குட்டை இறங்கவில்லை. டீச்சர் கண்ணை மூடாமல் இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார்.