கடலில் விழுந்த புள்ளி

கடலில் ஊர் கிடையாது. அதனால் கடலில் முடிச்சும் கிடையாது. துணியைக் கையில் கொடுத்த அன்றைக்கே சுகன்யா இதைச் சொல்லிவிட்டாள். "தீவைக்கூட விட்ருங்க மதினி, தூரத்துலருந்து பாத்தா கறை மாதிரி தெரியும்" என்றாள். அம்பிகாவும் சொன்னபடி ஊருக்கு ஒரு முடிச்சாகத்தான் கட்டினாள். ஆனால் சுங்குடித் துணி போர்த்திய உலக உருண்டைக்குள் முதல் தடவையாக விளக்கைப் போட்டபோது, அவள் கட்டிய ஊர்களெல்லாம் பொட்டுப் பொட்டாகத் துலங்க, இந்தியாவுக்குக் கீழே நட்டநடுக் கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி தனியாக எரிந்துகொண்டிருந்தது.

சுகன்யா அதைப் பார்த்தாள். பிறகு அம்பிகாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அம்பிகாவுக்குச் சுருக்கென்றது. நாத்தனார் ஒன்றைக் கேட்காமல் விட்டால், பதிலை அவளே முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

"நான் கட்டல சுகன்யா."

"சரி மதினி."

"சத்தியமா கட்டல."

"நான் ஒண்ணும் சொல்லலையே. சாயத்தத் தொட்டு வச்சா மறஞ்சிரும். விடுங்க."

மாலத்தீவுக்குத் தெற்கே இருக்கிற அந்தக் கடல் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். சுகன்யாவின் அண்ணன், அம்பிகாவின் புருஷன் அஜய், சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். ஒருநாள் காலையில் அடுப்பங்கரையில் ஆள் இல்லையே என்று தேடினார்கள். கப்பலிலேயே ஆள் இல்லை. கம்பெனிக்காரர்கள் போனில் இடத்தைச் சொல்ல, சுகன்யா வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வெறும் நீலம். அம்பிகா அந்த நீலத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை. வருகிற அமாவாசைக்குத் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து, அதை அஜய்யாக நினைத்து எரித்து, காரியத்தை முடித்துவிடலாம் என்று மாமனார் ஆண்டிச்சாமி பேச ஆரம்பித்திருந்தார். முடியாது என்று அம்பிகா பிடிவாதமாக நின்றாள். ஆளே இல்லாமல் யாரை எரிப்பது? அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த உருண்டை வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சுகன்யா சின்னாளபட்டியில் சுங்குடித் துணியை வைத்து விளக்குக் கூடுகள் செய்து விற்கிறவள். திண்டுக்கல்லில் நத்தம் சாலையில் ஒரு பள்ளிக்கூடம், புது நூலகக் கூடத்தில் வைக்க உள்ளேயிருந்து எரிகிற உலக உருண்டை வேண்டும் என்று கேட்டது. பிளாஸ்டிக் வேண்டாம், உங்கள் துணியிலேயே ஆள் உயரத்துக்குச் செய்து கொடுங்கள் என்றார்கள். முடியும் என்று சொல்லிவிட்டு வந்துதான் சுகன்யா யோசிக்கவே உட்கார்ந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். கிதர் முகம்மது பட்டறையில் கம்பியை வளைத்துக் கூடு கட்டினார்கள். உள்ளே பல்பைத் தொங்கவிட்டால், பக்கத்தில் இருந்த நாடு பற்றி எரிந்தது, தள்ளி இருந்த நாடு இருட்டில் கிடந்தது. கம்பிகளின் நிழல் வேறு பட்டை பட்டையாக விழுந்தது. பிறகு நடுவில் ஒரு பிவிசி குழாயை நிறுத்தி, அதில் எல்இடி பட்டையைச் சுற்றி, மேலே வெண்ணெய்த்தாளை ஒட்டினாள். துணியை ஆரஞ்சுச் சுளை போல நீளநீளமாக வெட்டி, தையல் எல்லாம் கம்பி மேலேயே வருகிற மாதிரி வைத்ததும் நிழல் அதற்குள் மறைந்துகொண்டது.

அப்போதும் உலகம் அடங்கவில்லை. முடிச்சை அவிழ்த்த துணி சுருங்கும் என்பது சின்னாளபட்டியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சேலைக்கு அந்தச் சுருக்கம்தான் அழகு. அதே நினைப்பில், சுருக்கத்துக்கு இடம் விடாமல் உலகத்தையும் அளவெடுத்துவிட்டார்கள். ஊர்கள் நிறைந்த இந்தியாவும் சீனாவும் சுண்டிப்போக, ஊரே இல்லாத கடல் தொளதொளவென்று தொங்கியது. சுகன்யா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அம்பிகா சிரித்தாள். ரெண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு ஜனம் நெருங்கிய இடத்தையெல்லாம் பெரிதாக வரைந்து, சுருங்கிய பிறகு சரியான அளவுக்கு வருகிற மாதிரி செய்தார்கள். துணி ரெண்டு அடுக்கு. வெளி அடுக்கில் நிலமும் கடலும். உள் அடுக்கில் அம்பிகா நகத்தால் கிள்ளி நூல் சுற்றிக் கட்டி, சாயத்தில் முக்கி அவிழ்த்த ஊர்ப் புள்ளிகள். விளக்கு அணைந்திருந்தால் ஊர் ஒன்றும் தெரியாது. எரிந்தால்தான் தெரியும்.

மறுநாள் சுகன்யா உருண்டையின் ஜிப்பைத் திறந்து, உள் துணியில் அந்தப் புள்ளியின் மேல் சாயத்தைத் தொட்டு வைத்தாள். காய்ந்ததும் விளக்கைப் போட்டாள். பழைய புள்ளி மறைந்துவிட்டது. கட்டைவிரல் அகலம் தள்ளி வேறொரு புள்ளி எரிந்தது.

"துணியிலயே கோளாறு போல" என்றாள் சுகன்யா. அவள் குரல் சரியாக இல்லை. "இந்தச் சுளைய மட்டும் மாத்திருவோம். சொர்ணலட்சுமி அக்காட்டச் சொல்லிக் கட்டிக்கிறேன். நீங்க சிரமப்பட வேணாம்."

சிரமப்பட வேண்டாமாம். அம்பிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுத் துணி வாங்கச் சுகன்யா திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறியதும், அம்பிகா கதவைச் சாத்திவிட்டு உருண்டைக்குள் கையை விட்டாள். முடிச்சுப் போட்ட துணியில் சின்ன மேடு ஒன்று நிற்கும். அச்சில் அடித்த புள்ளியில் அது வராது. இதில் மேடு நின்றது. யாரோ கட்டி அவிழ்த்த புள்ளிதான். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தாள். நூல் முடிகிற இடத்தில் சாயம் கசிந்து ஒரு வால் விழும். அவள் கட்டுகிற புள்ளியில் வால் வலப்பக்கம் விழும், தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். இதில் இடப்பக்கம் விழுந்திருந்தது.

லீவில் வரும்போதெல்லாம் அஜய் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டுறேன் என்று துணியைப் பிடுங்குவான். இடக்கைக்காரன். அவன் கட்டியது மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். சேலையைக் கெடுக்காதீங்க என்று கையில் அடித்து விரட்டுவாள். இந்தத் துணி போன மாசம் வாங்கியது.

பயந்திருக்க வேண்டும். அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்த சந்தோஷம், வெட்கம்கெட்ட சந்தோஷம். விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். இன்னொரு புள்ளி வந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள். இன்னொன்று. எரிந்துகொண்டே இருந்தால் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டால்தான் வந்தது, ஒரு தடவைக்கு ஒரு புள்ளி, எல்லாம் இடப்பக்கம் வால் வைத்து, வடக்கே பார்த்து. வீட்டைப் பார்த்து.

அந்த வாரம் முழுக்க, சுகன்யா வெளியே போகிற நேரத்துக்காக அம்பிகா காத்திருந்தாள். சோறு வடிக்க மறந்தாள். பகல் வெளிச்சத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அணைப்பதும் போடுவதுமாக இருந்தாள். புள்ளிகள் இலங்கையைத் தாண்டி, தூத்துக்குடிப் பக்கம் வந்தன. இன்னும் ஒன்று போட்டால் கரை. விளக்கை அணைத்துப் போட்டாள். புள்ளி கரையைத் தொடவில்லை. திரும்பியிருந்தது. அடுத்ததும் அதற்கடுத்ததும் தெற்கே போய், வளைந்து, மறுபடி வந்தன. மறுபடி கரைக்கு முன்னால் திரும்பின. செக்குமாடு மாதிரி அதே வட்டம். அணைத்து அணைத்துப் போட்டு அவள் விரல் வலித்ததுதான் மிச்சம்.

"கதவச் சாத்திட்டு என்ன தாயி பண்ற?"

ஆண்டிச்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் மறைக்கப் பார்த்தாள். அதற்குள் அவர் உள்ளே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடலுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனார். ஆயுசு முழுக்கத் துணி பார்த்த கண். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நொட்டாங்கைப் பய" என்றார்.

"வந்துருவாரு மாமா. பாருங்க, இம்புட்டுக் கிட்ட வந்துட்டாரு."

"எங்க தாயி வாரான்? வந்துட்டு வந்துட்டுல்ல திரும்புறான்." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வான்னு கூப்பிடவும் நமக்கு வழியில்ல, போன்னு சொல்லவும் மனசில்ல. சுத்தி அம்புட்டுத் தண்ணி. குடிக்க ஒரு மடக்கு இல்லாம நிக்கிறான். தாகமா இருக்காதா அவனுக்கு?"

அதுவரை அவர் கௌரவத்துக்காகத்தான் காரியம் காரியம் என்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் மகனுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்து இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் விளக்கை அணைத்தாள். மறுபடி போடவில்லை.

"செஞ்சிருவோம் மாமா" என்றாள்.

அமாவாசையன்று காலையில் குடகனாற்றங்கரையில் காரியம் நடந்தது. தர்ப்பை உருவத்துக்கு அஜய்யின் நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். எரியும்போது சட்டைப் பித்தான்கள் பட்பட்டென்று தெறித்தன. ஆண்டிச்சாமி தெற்கே பார்த்து நின்று, "வாங்கிக்க ராசா, குடிச்சிட்டுப் போ" என்று தண்ணீரை விட்டார். தாலியைக் கழற்றியபோது அம்பிகா அழவில்லை. கழுத்து லேசாக இருந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அழுகையெல்லாம் வீட்டுக்கு வந்து, வட்டிலில் கத்தரிக்காய் வெஞ்சனத்தைப் பார்த்ததும்தான் வந்தது. அவனுக்குப் பிடித்த வெஞ்சனம்.

நாலைந்து நாள் கழித்து உருண்டையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கை நிறையத் தடவை அணைத்தும் போட்டும் பார்த்தார்கள். மறுநாள் திறப்பு விழா. தாலியைக் கழற்றியவள், விழாவுக்குத்தான் அவள் போகக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் ஒரு தையல் பிரிந்தால் போகலாம். யார் வகுத்த சட்டமோ, சுகன்யா போன் போட்டதும் அம்பிகா ஊசியும் நூலுமாகப் போய் இறங்கினாள்.

கூடத்தின் நடுவில் உருண்டை எரிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே இந்தியா. கீழே சொர்ணலட்சுமி கட்டிய புதுச் சுளையில் கடல் சுத்தமாக, நீலமாக இருந்தது. சுகன்யா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மதினி? ஒண்ணுமில்ல. கோளாறு துணியிலதான்." அதைச் சொல்லும்போது அவளுக்கும் அழுகை முட்டியது. தாளாளர் கூப்பிட்டு அனுப்ப, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

தையல் பிரிந்திருந்தது அடிவயிற்றில், ஆள் பார்வைக்குப் படாத இடத்தில். அம்பிகா தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாள். கடல் அங்கேயும் தொடர்ந்தது. அதில் புள்ளிகள் இருந்தன. வட்டம் இல்லை, வளைவு இல்லை. ஒரே நேராகத் தெற்கே போய், ஊரே இல்லாத தென்துருவப் பனி நிலத்திலும் ஏறியிருந்தன. எல்லாச் சுளைகளும் வந்து ஒன்றாகக் கூடித் தைக்கப்பட்ட கடைசி முனையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. வால் எல்லாம் இடப்பக்கம். கடைசிப் புள்ளிக்கும் முனைக்கும் நடுவில் இன்னும் ஒரு முடிச்சுக்குத்தான் இடம் இருந்தது.

காரியத்துக்குச் சம்மதித்து, அவனைப் போகச் சொன்னது அவள்தான். போகிறான். ஒரு தடவைகூடத் திரும்பாமல், சொன்ன சொல்லைக் கேட்டுப் போகிறான். அவன் வீட்டில் இருந்த காலத்தில்கூட ஒரு தடவை சொல்லி அவள் பேச்சைக் கேட்டதில்லை.

பள்ளிக்கூட எலக்ட்ரீசியன் வீரப்பன் சாவிக்கொத்தோடு வந்தார். "முடிஞ்சுச்சாம்மா? லைட்ட அமத்திட்டுப் பூட்டணும். காலைல பிள்ளைங்க வந்து போடுறதுக்குச் சரியா இருக்கும்."

"அமத்தாதீங்கண்ணே." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "செத்த நேரம் எரியட்டும்."

"தைக்கிறதுக்கு வெளிச்சம் வேணும்ல, சரி சரி." அவர் சன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். சிறுமலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. காற்று கிளம்பி வேப்பமரம் ஆடியது. "மழ வரும் போலயே."

"கரண்டு போயிருமாண்ணே?"

"போனா என்னம்மா? ஜெனரேட்டர் இருக்கு. ஒரு நொடி அமந்து உடனே வந்துரும். ஒண்ணும் பயப்படாதீங்க."

கூடத்து மின்விசிறி ஒரு தடவை தடுமாறி மெதுவாயிற்று, பிறகு பழையபடி சுற்றியது. விளக்கு ஒரு நொடி அணைந்து எரிந்தால் போதும், அந்தக் கடைசி முடிச்சும் விழுந்துவிடும். அம்பிகா ஊசியைக் கீழே வைத்தாள். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டு, கடைசிப் புள்ளிக்கு அடுத்து மிச்சமிருந்த வெற்றுத் துணியை, முடிச்சுப் போடுவதற்குப் பிடிக்கிற மாதிரியே, ரெண்டு நகத்துக்கும் நடுவில் கிள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெளியே முதல் இடி விழுந்தது. அவள் பிடியை விடவில்லை.