அறையில் வேறு ஆள்: ஆம் / இல்லை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். பதினொரு நிமிட ஒலிப்பதிவு ஒன்று என் மின்னஞ்சலுக்கு வந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். திருடினேன் என்றாலும் சரிதான்.

வெளிநாட்டில் படிக்கிறேன். செலவுக்காகப் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வழக்கமாக வருவது மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். இந்த முறை வந்தது ஒரு குரல். நம் மொழிக்காரப் பெண், முதலாண்டு மாணவி. தன் விடுதி அறையில் லேப்டாப் கேமராவின் முன்னால் உட்கார்ந்து தேர்வு எழுதியிருக்கிறாள். கண்காணிக்கிற மென்பொருள் அவள் யாரிடமோ பேசுகிறாள் என்று புகார் எழுதிவிட்டது. அவள் என்ன பேசினாள், அறையில் வேறு ஆள் உண்டா என்று நான் ஒரு படிவத்தில் சொல்ல வேண்டும். ஆள் உண்டு என்றால் அவளுக்குப் படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும். முப்பது நாளில் பெட்டி கட்ட வேண்டும்.

என்ன கேட்டீர்கள்? இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்றா? கூடாதுதான். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்.

(இங்கே ஓர் அழகான தொடக்கம் இருந்தது: ‘மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில் அவள் கைகள் நடுங்க…’ பதிவில் மழைச் சத்தம் இல்லை. கை நடுங்கினால் சத்தம் வராது. அடித்துவிட்டேன்.)

2

பதிவில் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விசைப்பலகைச் சத்தம்.

“அண்ணி, இங்க பாருங்க. ரெண்டு பதிலும் சரி மாதிரியே இருக்கு.”

நான்கு நொடி அமைதி.

“ம்ம். அதான் நானும் நெனச்சேன்.”

ஒரு நிமிடம் கழித்து, கொஞ்சம் எரிச்சலாக: “இல்ல அண்ணி, நீங்க சொல்றது போன வருஷத்துப் பாடம்.”

பிறகு நாற்காலி கிறீச்சிடுகிறது. நாற்காலியோ கட்டிலோ. கடைசியில் மிக மெதுவாக: “சரி, முடிஞ்சுது. போங்க அண்ணி, போய் உங்க வேலையப் பாருங்க. நான் பாத்துக்கறேன்.”

மொழிபெயர்க்க இதில் கஷ்டமே இல்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். முடித்துப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் பிசகாமல் எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு சொல்லும் அவளை மாட்டிவிடுகிறது.

அவள் தேர்வுக்கு முன் கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டியிருக்கிறாளாம், யாரும் இல்லையாம். ஆனால் பிறகு யாராவது வந்திருக்கலாம். தலைமுடி காதை மூடியிருந்ததாம், உள்ளே ஏதாவது கருவி இருந்திருக்கலாம். வீடியோவை எனக்குக் காட்ட மாட்டார்கள். காது மட்டும் போதும் என்கிறார்கள்.

3

கொஞ்சம் கட்டுரை மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்த முதல் வாரம், கைப்பிடி இல்லாத குழாயின் முன்னால் சோப்புக் கையோடு நின்று, தண்ணீர் வர என்ன செய்வது என்று விழித்தவன் நான். கையை ஆட்டினேன், தட்டினேன், ஒரு கும்பிடும் போட்டேன். அறைக் கதவு அட்டை கேட்டது. நூலகம் என் முகத்தைக் கேட்டது. துணி துவைக்கும் இயந்திரம் போனைக் கேட்டது. போன் கடவுச்சொல்லைக் கேட்டது. காலையிலிருந்து நான் நான்தான் என்று எதற்காவது நிரூபித்துக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முதல் கேமராத் தேர்வில் எனக்கும் ஒரு புகார் வந்தது: ‘அறையில் இரண்டாவது நபர்.’ கதவில் தொங்கிய என் நீலச் சட்டைதான் அந்த நபர்.* அலுவலகத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சட்டையைக் கேமரா முன்னால் பிடித்துக் காட்ட முடிந்தது. அண்ணியை எப்படிப் பிடித்துக் காட்டுவது? இல்லாத அண்ணியை?

(* அந்தத் தேர்வில் நான் தோற்றுப்போனேன். சட்டை உதவவில்லை.)

4

அதனால் அண்ணியை எழுதிப் பார்த்தேன்.

முதல் வரைவு: அண்ணி கல்யாணமாகி வந்தபோது இவள் ஒன்பதாம் வகுப்பு. அண்ணி தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பார், இவள் தரையில் புத்தகத்தை விரித்துப் பாடம் சொல்லுவாள். அண்ணிக்குப் பாதி புரியாது. ஆனாலும் சினிமாக் கதை கேட்கிற மாதிரி “அப்புறம்?” என்பார். அந்த ‘அப்புறம்?’ வந்தால்தான் இவளுக்கு அடுத்த வரி நினைவுக்கு வரும். மூன்று வருடத்தில் அண்ணிக்கும் பாடம் பாதி ஏறிவிட்டது. அதனால்தான் ‘போன வருஷத்துப் பாடம்’.

நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கும் பிடித்துப்போனது. அங்கேதான் பயம் வந்தது. தையல் இயந்திரம் நான் வைத்தது. ஒன்பதாம் வகுப்பு நான் போட்டது. அவளைக் காப்பாற்ற எனக்கு எவ்வளவு ஆசை என்பதைத்தான் அந்த வரைவு காட்டுகிறது.

இரண்டாவது வரைவு: அண்ணி போன வருடம் இதே பல்கலைக்கழகத்தில் இதே பாடம் எழுதித் தேறியவர். பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்து…

முடிக்கவில்லை. முடித்திருந்தால் நம்பியிருப்பேன்.

5

நேற்று மத்தியானம் விடுதியின் துணி துவைக்கும் அறையில் ஒரு பெண் இயந்திரத்தின் முன்னால் குந்தியிருந்தாள். தன்னந்தனியாக. “என்ன அண்ணி, இது திரும்பவும் போனைக் கேக்குது?” என்று முணுமுணுத்தாள். அதே குரல். ஓடி வந்து படிவத்தைத் திறந்து…

இல்லை. பொய். அப்படி யாரும் அங்கே இல்லை. இயந்திரத்துக்கு முன்னால் குந்தியிருந்தது நான்தான். மன்னித்துவிடுங்கள்.

6

இன்று காலை தேர்வு அலுவலரை வீடியோவில் அழைத்தேன். கண்டிப்பான பெண்மணி, கெட்டவர் இல்லை. அவர் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

“உங்க படிவம் இன்னும் வரலையே?”

“மேடம், ஆம், இல்லைன்னு ரெண்டு வட்டம்தான் இருக்கு. தெரியலைன்னு ஒண்ணு வேணும்.”

“நீங்க மொழி தெரிஞ்சவர். உங்களுக்கே தெரியலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சில பேர் படிக்கும்போது இல்லாத ஆள்கிட்ட பேசுவாங்க.”

“பதிலுக்காகக் காத்திருக்கக்கூடவா செய்வாங்க?” அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். “சரி, கீழே குறிப்புப் பெட்டி இருக்கு. அதுல எழுதுங்க.”

“அது திறக்கமாட்டேங்குதே.”

“வட்டத்தத் தொட்டாத்தான் திறக்கும். நாலு மணிக்குப் படிவம் தானா மூடிக்கும். காலியா இருந்தா ஆம்னு எடுத்துக்கும்.”

பக்கத்து அறையில் நம் மொழிக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனை நெட்டையன் என்போம். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவனிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

“இதுல என்னடா யோசனை? இல்லைன்னு போட்டுட்டுச் சாப்பிட வா. நம்ம பொண்ணு.”

“உண்மையிலேயே யாராவது இருந்திருந்தா?”

“இருந்தா உனக்கென்ன?”

“நானும் இதே மாதிரி கேமராத் தேர்வுல தோத்தவன்டா. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல.”

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவளுக்காகப் பரிதாபப்படுகிறேன் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தேன்.

7

ஆகவே உட்கார்ந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். எழுதினால் தெளியும் என்று ஒரு நம்பிக்கை. தெளியவில்லை. முதலிலிருந்து உரக்க வாசித்துப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும்.

கதவு திறந்தது. நெட்டையன், கையில் துணி வாளியோடு.

“யார்கிட்டடா பேசிட்டிருக்க?”

“யாருமில்ல. எழுதினத வாசிச்சேன்.”

“புளுகாதே. வெளியே நின்னு கேட்டுட்டுத்தான் வரேன். ‘என்ன கேட்டீர்கள்’னு கேட்ட. கொஞ்சம் நிறுத்தின. அப்புறம் ‘ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்’னு சொன்ன. போன்ல யாரு?”

போன் கட்டிலில் கிடந்தது, சார்ஜ் தீர்ந்து. அவன் அதை எடுத்துப் பார்த்தான். அறையையும் பார்த்தான். ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கதவில் சட்டை.

“அப்ப யார்கிட்ட பேசின?” என்றான் மறுபடியும். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

 யாருமில்லை என்றால் அது பொய். முதல் வரியிலிருந்து உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குறுக்கே கேட்டீர்கள், முகம் சுளித்தீர்கள், ஐந்தாம் பகுதியில் நான் பொய் சொன்னபோது உங்களிடம்தான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் இல்லாமல் இதில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். அதே சமயம், இங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலி, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நெட்டையன் பதிலுக்காக நிற்கிறான். மணி மூன்று ஐம்பத்தாறு. திரையில் இரண்டு வட்டங்களும் காலியாக இருக்கின்றன. அவளுக்காக ஒன்றைத் தொடுவதற்கு முன் எனக்காக ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

என்னோடு இந்த அறையில் நீங்கள் இருந்தீர்களா, இல்லையா?

சீக்கிரம் சொல்லுங்கள். நான்கு நிமிடம்தான் இருக்கிறது.