பூட்டிய டெலிபோன்

பேராதனையில் அந்த ஒழுங்கைக்கு முதன்முதலாக டெலிபோன் வந்தது எழுபதுகளின் கடைசியில், சண்முகநாதன் வீட்டுக்கு. பல்கலைக்கழகத்தில் தலைமை லிகிதராக இருந்த அவர், டயலில் சின்னப் பூட்டொன்றைப் போட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதில் கோல் எடுத்துப் பேச வருகிறவர்கள் யாருக்கு, என்ன விஷயம் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து வருகிற கோல்களிலும் எதை யாருக்குச் சொல்வது என்று அவரே தீர்மானித்தார். எதிர்வீட்டு லூர்துவின் மகள் றீற்றாவைக் கேட்டு ஓர் ஆண்குரல் இரண்டு தரம் எடுத்தபோது, "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை" என்று வைத்துவிட்டார். தாயில்லாப் பிள்ளை, நாளைக்கு ஏதும் நடந்தால் லூர்து தன்னைத்தான் கேட்பான் என்பது அவருடைய நியாயம்.

சில வாரங்களில் ஆட்கள் வருவது நின்றுபோனது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு உறுத்தத் தொடங்கியது. இவர்களுக்கெல்லாம் திடீரென்று யாரோடும் பேச வேண்டியதில்லையா? பின்வீட்டு கைரியா, குருநாகலில் இருக்கும் மகனோடு பேச அடிக்கடி வருகிறவள், இப்போது வாசலில் கண்டால் சிரித்துவிட்டு நடந்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. வேலையால் வந்து பார்த்தால் டெலிபோன் வயர் காலையில் கிடந்த மாதிரிக் கிடப்பதில்லை.

"ஆர் இதைத் தொட்டது?"

"தூசி தட்டினனான்," என்றாள் மனைவி வடிவம்மா, அவர் முகத்தைப் பாராமல்.

யாரோ கள்ளத்திறப்பு செய்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். ஒரு வியாழக்கிழமை, தலையிடி என்று சொல்லி மத்தியானத்தோடு புறப்பட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டு யன்னலோரம் வந்து நின்றார்.

பூட்டு பூட்டினபடியே இருந்தது. றீற்றா ரிசீவரைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவருடைய கதிரையில் கைரியா தன் முறைக்குக் காத்திருந்தாள். வருகிற கோலுக்குத் திறப்பு எதற்கு? அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கோல் எடுக்கும்படி எல்லாரும் தங்கள் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அவர் உள்ளே வந்ததும் றீற்றா, "பொறவு எடுங்க" என்று ரிசீவரை வைத்தாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போன நாளிலயிருந்து," என்றாள் வடிவம்மா. "ஆம்பிளைக் குரல் எண்டு நீங்கள் வைச்ச கோல், கண்டியில ஒரு மருந்துக் கம்பனியில இருந்து வந்தது. நேர்முகத்துக்குக் கூப்பிட எடுத்தவையாம். பிறகு வேற ஆளை எடுத்திட்டினம்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் டெலிபோனையே கழட்டியிருப்பியள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கை சட்டைப்பையிலிருந்த திறப்பைத் தடவியது.

பின்னேரம் லூர்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் படியை அவர் மிதிப்பது அதுதான் முதல் தரம்.

"வாங்க சேர், உக்காருங்க," என்று லூர்து எழுந்து நின்றான்.

"பிள்ளையின்ர வேலை விஷயம்... எனக்குத் தெரியாமல் போச்சு."

"அதுக்கென்னங்க சேர். பரவாயில்ல. வேற கெடைக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. லூர்துவின் முகத்தில் கோபத்தைத் தேடினார், மரியாதைதான் இருந்தது. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். றீற்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்ப ஒழுங்கையில் இறங்கியதும் பின்னால் லூர்து வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. றேடியோவாக இருக்கலாம். வேறு எதற்காவது சிரித்திருக்கலாம். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. தான் சொன்னதில் எந்தச் சொல்லுக்குச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்தபடி நடந்தார்.